கடையைப் புதுப்பித்தோம், பழக்கத்தைப் புதுப்பித்தோமா?



நமது உத்திரமேரூர் கடைத்தெருவிலும் சுற்று வட்டாரத்திலும் சில வருடங்களாக ஒரு நல்ல மாற்றம் நடந்து வருகிறது. பழைய கடைகளை இடித்துக் கட்டாமல், இருக்கும் கட்டடத்திலேயே கரண்ட் செலவு குறையும்படி வேலை செய்துகொள்கிறார்கள். தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, குண்டு பல்புக்கும் டியூப் லைட்டுக்கும் பதிலாக எல்.இ.டி., பழைய மின்விசிறிக்குப் பதிலாக பி.எல்.டி.சி. விசிறி, கணக்கு அறைக்கு ஐந்து நட்சத்திர ஏ.சி. என்று செலவு செய்கிறார்கள். செய்த பிறகு சிலர், "நல்ல பலன்" என்கிறார்கள். சிலர், "செலவுதான் மிச்சம், புழுக்கம் அப்படியே இருக்கிறது, பில்லும் குறையவில்லை" என்கிறார்கள். ஒரே தெரு, ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே வேலை. பலன் மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? நாமும் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தவர்தான் என்பதால், பட்டதைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

நாம் செய்த வேலை

நமது மண்டியில் முன்பக்கம் கான்கிரீட் தளம் போட்ட கடை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட கிடங்கு. 2023 கோடைக்கு முன் பிள்ளைகளின் யோசனைப்படி இரண்டையும் புதுப்பித்தோம். தளத்துக்கும் தகரத்துக்கும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். கிடங்கின் மேல் சுவரில் இருந்த ஜாலிகளை, அனல் வருகிறது, அணில், எலி வருகிறது என்று பலகை வைத்து அடைத்தோம். கடை முகப்பில் கண்ணாடிக் கதவு போட்டோம். முகப்பில் பல வருடமாகக் கட்டி வந்த கீற்றுப் பந்தல் அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டோம். கணக்கு அறைக்கு ஏ.சி. வைத்தோம். விசிறி எல்லாம் புதியது.

வேலை செய்தவர்கள் பேரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூச்சு நல்ல பூச்சு, சாமான்களும் நல்ல சாமான்கள். குறை எல்லாம் அதற்குள் இருந்த நம்மிடம்தான்.

அந்தக் கத்திரி வெயிலில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு துவரம் பருப்பு லாரி வந்து நின்றது. லாரியைக் காக்க வைத்தால் வாடகை கேட்பார்கள் என்று உடனே இறக்கச் சொன்னோம். அட்டி போட்டுக்கொண்டிருந்தபோது நம்மிடம் இருபத்தைந்து வருடமாகச் சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் அப்படியே சுவரோரம் சாய்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்து, பாட்டில் ஏற்றி, இரவு கண் தெளிந்து உட்கார்ந்தார். நாம் பக்கத்தில் நின்று, "கூரைக்கு இவ்வளவு செலவு செய்தும் இப்படி ஆகிவிட்டதே" என்றோம். அதற்கு அவர் சொன்னார்: "கூரை நல்லாத்தான் இருக்கு மொதலாளி. காத்துதான் இல்ல. ஜாலிய அடைச்ச அன்னிக்கே சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க காசு போட்டு செஞ்ச வேலைன்னு சொல்லல."

இந்த வார்த்தை நம்மைச் சும்மா விடவில்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தோம்.

உடம்புக்குத் தெரிவது சூடு மட்டுமல்ல

நாம் வெப்பமானியைப் பார்த்து "இத்தனை டிகிரி" என்கிறோம். ஆனால் உடம்பு சௌகரியமாக இருக்கிறதா என்பதை ஆறு சங்கதிகள் சேர்ந்து முடிவு செய்கின்றன என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். காற்றின் சூடு, சுவரும் கூரையும் வீசும் அனல், காற்றில் உள்ள ஈரம், காற்றோட்டத்தின் வேகம், உடுத்தியிருக்கும் துணி, செய்யும் வேலை ஆகியவை அந்த ஆறு.

கூரைப் பூச்சு இதில் முக்கியமாக இரண்டாவதைக் குறைக்கிறது. அதன் வழியாக முதலாவதையும் ஓரளவு குறைக்கிறது. மற்ற நான்கும் உள்ளே இருப்பவர் கையில்தான் இருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் அளவு வெப்பம் வெளியேறுகிறது. மூட்டை சுமப்பவருக்கு அது மூன்று, நான்கு மடங்கு. அந்த வெப்பம் வியர்வையாகி ஆற வேண்டும். வியர்வை ஆற காற்று ஓட வேண்டும். ஜாலியை அடைத்ததால் கிடங்கில் காற்று நின்றது. பத்துப் பேர் வியர்வையின் ஈரமும் உள்ளேயே நின்றது. கூரையில் கிடைத்த லாபத்தைச் சுவரில் தோற்றோம்.

நமது கல்லா மேசையில் வெப்பமானி நல்ல கணக்கைத்தான் காட்டியது. ஆனால் கல்லாவில் உட்காருபவர் மூட்டை தூக்குவதில்லை.

வெளியூர் அனுபவம்

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கதி அல்ல. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பை 1970-களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் பல வருடம் ஆராய்ந்தார்கள். ஒரே வரைபடத்தில், ஒரே சாமானில் கட்டிய அடுத்தடுத்த வீடுகள். அவற்றில் ஒரு வீட்டின் எரிபொருள் செலவு இன்னொரு வீட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கட்டடம் மாறவில்லை, குடியிருப்பவர் பழக்கம் மாறியது, அவ்வளவுதான். ஒரு வீட்டில் குடித்தனம் மாறினால் அந்த வீட்டின் செலவும் மாறியது.

நம் நாட்டில் மாதவி இந்திரகண்டி என்ற ஆராய்ச்சியாளர் 2008-இல் ஐதராபாத் அடுக்குமாடி வீடுகளில் கோடையிலும் மழைக்காலத்திலும் ஆட்களைக் கேட்டு எழுதினார். அப்போதைய நமது கட்டட விதிகள் 23 முதல் 26 டிகிரி வரைதான் சௌகரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அங்கே இருந்தவர்களோ 26 முதல் சுமார் 32 டிகிரி வரை சௌகரியமாக இருந்தார்கள். ஜன்னலைத் திறந்து மூடி, விசிறியைக் கூட்டிக் குறைத்து, மெல்லிய பருத்தித் துணி உடுத்தி அவர்கள் தங்களைச் சரி செய்துகொண்டார்கள். கொசு, பக்கத்து வீட்டார் பார்வை போன்ற தடைகளால் ஜன்னலைத் திறக்க முடியாத இடத்தில்தான் அவதி கூடியது.

பிறகு அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பதில்களைச் சேகரித்து 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வெளி வெயிலுக்குத் தக்கபடி உள்ளே இருப்பவர் சௌகரியமும் மாறுகிறது, எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் ஒரே டிகிரி கிடையாது என்பது அதன் சாரம். 2016-இல் வந்த தேசியக் கட்டட விதிகளில் இந்தக் கணக்குக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. ஜன்னலும் சுவிட்சும் தன் கைக்கு எட்டுகிறவர் சற்றுக் கூடுதல் சூட்டையும் தாங்குகிறார். எட்டாதவர் குறைந்த சூட்டிலும் அவதிப்படுகிறார். நமது கிடங்கில் விசிறி சுவிட்ச் எல்லாம் கணக்கு அறைக்குள் இருந்தன! சுமைக்காரர் விசிறி போட வேண்டுமானால் குமாஸ்தாவைக் கேட்க வேண்டும்.

பில் குறையாததன் ரகசியம்

வியாபாரிக்குக் கணக்குத்தான் புரியும். ஆகவே கணக்காகவே சொல்கிறோம்.

பழைய மின்விசிறி சுமார் 75 வாட். புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 35 வாட், சில கம்பெனிகளில் அதற்கும் குறைவு. பழைய விசிறி பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். புதிய விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட். பாதிக்கு மேல் மிச்சம். ஆனால், "இதுதான் கரண்டே எடுக்காதே" என்று இரவும் பகலும் ஓட விட்டால் 24 மணி நேரத்தில் 0.84 யூனிட். பழைய விசிறியைவிட அதிகம்! நமது கிடங்கில் இதுதான் நடந்தது. ஆள் இல்லாத கிடங்கில் மூட்டைகளுக்கு விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. ஆள் மேனியில் காற்று படும்படி செய்து வியர்வையை ஆற்றுகிறது. ஆள் இல்லாத இடத்தில் அது வீண்.

ஏ.சி. விஷயமும் இப்படித்தான். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. ஆனால் நம்மவர் வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் ரிமோட்டை எடுத்து 18-இல் வைக்கிறோம். சீக்கிரம் குளிரும் என்ற எண்ணம். இது தப்பு எண்ணம். சூடான அறையில் 24 வைத்தாலும் இயந்திரம் ஆரம்பத்தில் முழு பலத்தில்தான் ஓடும். 18 வைத்தால் 24-ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். அரை மணி கழித்துக் குமாஸ்தா குளிருகிறது என்று கதவைத் திறந்து வைப்பார். உள்ளே காசு கொடுத்துச் செய்த குளிர் கடைத்தெருவுக்குப் போகும். நமது கணக்கு அறையில் ஒரு கோடை முழுக்க இந்தக் கூத்து நடந்தது.

26 டிகிரியில் ஏ.சி.யை வைத்து, விசிறியை மெதுவாகச் சுழல விட்டால் போதும். மேனியில் படும் காற்று இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற சுகத்தைத் தருகிறது. ஏ.சி.யையும் விசிறியையும் சேர்த்துப் போடக் கூடாது என்று நினைப்பவர் நம்மில் பலர். அறைக்குள் சேர்த்துப் போடுவதுதான் சிக்கனம்.

இன்னொன்று மனித சுபாவம். செலவு குறைந்த பொருளை நாம் அதிகமாகப் பயன்படுத்துகிறோம். முன்பு ஏ.சி. இல்லாதபோது கணக்கு அறையில் சன்னலைத் திறந்து கணக்கு எழுதினோம். ஐந்து நட்சத்திர ஏ.சி. வந்ததும் மார்கழி மாதத்திலும் ஓட்டினோம். இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1865-லேயே நிலக்கரி விஷயத்தில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக, மொத்தச் செலவு குறையாமல் கூடவும் செய்யலாம் என்றார்.

மொட்டை மாடியும் முகப்பும்

வெள்ளைப் பூச்சு அடித்த தளத்தை நாம் என்ன செய்தோம்? வழக்கம் போல் மிளகாயும் புளியும் காயப் போட்டோம். காலி டின்களையும் உடைந்த பெட்டிகளையும் அடுக்கினோம். வெள்ளைப் பூச்சின் வேலையே வெயிலைத் திருப்பி அனுப்புவது. அதன் மேல் சிவப்பு மிளகாயையும் கறுப்புத் தார்ப்பாயையும் விரித்தால் அது எப்படித் திருப்பும்? நமது ஊர் செம்மண் தூசி ஒரு வருடத்தில் வெள்ளையைப் பழுப்பாக்கிவிடுகிறது. பங்குனி பிறந்ததும் ஒரு முறை தண்ணீர் விட்டுக் கழுவினால் பழைய பலன் பெருமளவு திரும்பும். கழுவுவது கான்கிரீட் தளத்துக்குச் சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர்கள் அதைத் தேய்த்துச் சுரண்டக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதன் மேல் ஆள் ஏறி நடப்பதும் ஆபத்து, உடைந்து விழ நேரும்.

முகப்புக் கண்ணாடி பார்வைக்கு அழகு. ஆனால் மேற்குப் பார்த்த கடையில் மாலை வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வரும். உள்ளே சூடாகிய அனல் வெளியே போக வழியில்லை. கீற்றுப் பந்தல் செய்துகொண்டிருந்த வேலையின் அருமை அதை எடுத்த பிறகுதான் தெரிந்தது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் பலன். உள்ளே திரை போடுவது பாதிப் பலன்கூட இல்லை.

நமது பெற்றோர் காலத்து ஓட்டு வீடு குளிர்ச்சியாக இருந்தது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் அந்த வீடு தானாகக் குளிர்ந்திருக்கவில்லை. நமது தாயார் காலை ஒன்பது மணிக்குள் தெருப்பக்க சன்னலைச் சாத்துவார். வெயில் ஏறியதும் தாழ்வாரத்துத் தட்டியை இறக்குவார். பொழுது சாய்ந்ததும் வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து வைப்பார். வீட்டில் பாதி, பழக்கத்தில் பாதி. நாம் வீட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பழக்கத்தை மறந்துவிட்டோம்.

திறப்பதும் மூடுவதும்

கோடையில் நமது ஊரில் காலை பத்து மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாகிவிடும். சென்னைக்காரர்களுக்கு மதியமே வரும் கடற்காற்று நமக்கு அவ்வளவு சீக்கிரம் வந்து சேருவதில்லை. ஆகவே இரவும் விடியற்காலையும் நன்றாகத் திறந்து வைத்து, சுவரும் சரக்கும் இரவுக் குளிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும்படி செய்ய வேண்டும். வெயில் ஏறியதும் கீழ்ச் சன்னல்களைச் சாத்தலாம். ஆனால் மேல் ஜாலியைப் பகலிலும் அடைக்கக் கூடாது. சூடான காற்று மேலே ஏறும், அது போக வழி வேண்டும். உள்ளே ஆட்கள் மூட்டை தூக்கும் நேரத்தில் வெளியே சூடு என்றாலும் காற்றோட்டம் வேண்டும்.

சரக்குக்கும் இதுவே நல்லது. காற்றில்லாத கிடங்கில் வெல்லம் கசியும், பருப்பில் வண்டு விழும், மிளகாயில் பூஞ்சை கட்டும். மழை நாளில் மட்டும் கணக்கு மாறும். ஈரக் காற்று உள்ளே வராதபடி மூட வேண்டும். ஆக, காலண்டரைப் பார்த்தல்ல, அன்றைய வானத்தைப் பார்த்துத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றி யோசித்தபோதுதான் நமது ஊர்ப் பெருமை நினைவுக்கு வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில், முதலாம் பராந்தக சோழர் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதி வெட்டப்பட்டிருக்கிறது. அதில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியை வெட்டிவிட்டால் போதும், அது தானே ஊருக்குப் பாய்ந்துகொள்ளும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. கவனிக்கப் பொறுப்பான ஆட்களை வைத்தார்கள். நாம் ஜாலிக்கும் சுவிட்சுக்கும் ஆள் வைக்கவில்லை.

நாம் செய்த திருத்தம்

செலவு அதிகமில்லை. ஜாலிப் பலகைகளைப் பிரித்து, எலி வராமல் கம்பி வலை அடித்தோம். கிடங்கு விசிறி சுவிட்சுகளைக் கிடங்குக்கே மாற்றினோம். முகப்பில் பந்தலை மறுபடியும் போட்டோம். கோடையில் பகல் 12 மணி முதல் 4 மணி வரை லோடு இறக்குவதில்லை என்று லாரி செட்டுகளுக்குச் சொல்லிவிட்டோம். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு விடியற்காலையில் வண்டி வர ஆரம்பித்தது. மோர்ப்பானையும் தண்ணீரும் கிடங்கிலேயே இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. அதன்படி இருக்கை போட்டபோது விசிறிக்குக் கீழே போட்டோம். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போடவில்லை.

மயங்கி விழுந்த பெரியவரிடமே கிடங்குச் சாவியையும் திறந்து மூடும் பொறுப்பையும் கொடுத்தோம். மூட்டை சுமப்பதைக் குறைத்துக்கொண்டு அதைக் கவனிக்கிறார். தேவையில்லாமல் விசிறி ஓடினால் பிள்ளைகளைக்கூடக் கேட்டுவிடுகிறார், "யாருக்கு சாமி ஓடுது இது?" என்று. அடுத்த கோடையில் பில் குறைந்தது. சித்திரை மதியத்தில் கிடங்கு இன்னமும் சூடாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் யாரும் விழவில்லை.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

1. வேலை தொடங்குமுன் கடையில் யார் எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலை செய்கிறார் என்று எழுதுங்கள். அவர்களைக் கேளுங்கள். முதலாளி உட்காரும் இடத்தை மட்டும் பார்த்துச் செலவு செய்யாதீர்கள்.

2. காற்று போகும் வழியை எக்காரணம் கொண்டும் முழுவதும் அடைக்காதீர்கள்.

3. சுவிட்ச் அதைப் பயன்படுத்துகிறவர் கைக்கு எட்டட்டும். ஆள் போனதும் அணைப்பது அவர் பொறுப்பு.

4. ஏ.சி. 24-க்குக் கீழே வேண்டாம். விசிறியோடு 26 போதும். கதவு சாத்தியிருக்கட்டும்.

5. வெள்ளைத் தளத்தில் எதையும் பரப்ப வேண்டாம். வருடம் ஒரு முறை கழுவுங்கள்.

6. பழைய பில்களைப் பத்திரப்படுத்துங்கள். சென்ற வருடம் அதே இரண்டு மாதத்து யூனிட்டோடு ஒப்பிடுங்கள். ரூபாயை ஒப்பிட்டால் கட்டண உயர்வு கணக்கைக் குழப்பிவிடும்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் தயாராவது போல் வெயிலுக்கும் தயாராக வேண்டிய காலம் வந்துவிட்டது. புதுப்பிக்க நினைக்கும் உறுப்பினர்கள் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல முதலீடுதான். ஆனால் பூச்சுக்காரரிடம் விலை பேசுகிற அன்றே கிடங்கில் வேலை செய்பவரிடமும் பத்து நிமிடம் பேசிவிடுங்கள். நாம் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவு செய்யாமல் விட்டதற்கு இன்னொருவர் உடம்பு விலை கொடுக்க இருந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் அனுபவங்களையும் கேட்க ஆவலாக இருக்கிறோம்.